எலி மூளையில் ஓபியாய்டு பெப்டைடு அளவீடு: பஞ்ச் ஊசி முதல் பிளேட் வரை

எலி மூளை தானே உண்டாக்கும், ஓபியம்போல் வேலை செய்யும் சிறு புரதத் துண்டுகளை (ஓபியாய்டு பெப்டைடுகளை) ஆன்டிபாடி கிட்டால் அளக்கிறோம். அவற்றில் ஒன்றான டைனார்ஃபினின் ரெகவரி, அதாவது சேர்த்ததில் திரும்பக் கிடைக்கும் பங்கு, ஒருவழியாக 70 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. கிட் பழையதுதான், ஆன்டிபாடியும் பழையதுதான், எலிகளும் அதே கூட்டம். மாறியவை ட்யூபும், அதற்குள் முதலில் போடும் 20 மைக்ரோலிட்டர் பி.எஸ்.ஏ.வும் (மாட்டு ரத்தப் புரதம்) மட்டுமே. இந்த வேலையில் இறங்கப்போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்: பிளேட் ரீடர் (96 குழித் தட்டின் நிறத்தைப் படிக்கும் கருவி) காட்டும் எண்ணில் பாதி, திசு பிளேட்டுக்கு வருவதற்கு வெகு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. கிட்டோடு வரும் கையேடு கடைசி நான்கு மணி நேரத்தைப் பற்றித்தான் பேசும். அதற்கு முந்தைய கட்டங்களை வரிசையாக, எங்கே தடம் புரண்டது என்பதோடு இங்கே எழுதிவைக்கிறோம்.

அளந்தவை மூன்று: மெட்-என்கெஃபலின், டைனார்ஃபின் ஏ, பீட்டா-எண்டார்ஃபின். பகுதிகள் ஆறு: ஸ்ட்ரையேட்டம், க்ளோபஸ் பாலிடஸ், நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ், ஹைபோதலாமஸ், ஹிப்போகேம்பஸ், சப்ஸ்டான்ஷியா நைக்ரா. கூடவே சிறுமூளை. அங்கே இந்த மூன்றும் மிகக் குறைவு, அதனால் பின்னணி பார்க்க அதுவே வசதியான திசு.

எலியிலிருந்து உறைந்த மூளைக்கு

200 முதல் 250 கிராம் எடையுள்ள ஆண் விஸ்டார் எலிகள். ஒரு வாரம் தினமும் கையில் எடுத்துப் பழக்க வேண்டும். பழக்காத எலியின் ஹைபோதலாமஸில் அளப்பது அன்றைய பயத்தைத்தான். சாக்ரிஃபைஸ் செய்யும் அறை, கூண்டுகள் இருக்கும் அறையாக இருக்கக் கூடாது. ரத்த வாடை அடித்தால் வரிசையில் அடுத்து நிற்கும் எலியின் எண் மாறிவிடும். எல்லா எலிகளையும் காலை 9 முதல் 11 மணிக்குள் முடிப்பது நல்லது. இரண்டு குழுக்கள் (மருந்து கொடுத்தது, கொடுக்காதது) இருந்தால் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். ஒரு குழுவை முடித்துவிட்டு அடுத்த குழு என்று போனால், கடைசியில் ஒப்பிடுவது காலையையும் மதியத்தையும்தான். மயக்க மருந்தில்லாமல் தலை துண்டிப்பதற்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி தனியாக வேண்டும். அந்த விண்ணப்பத்தில் மயக்க மருந்து பெப்டைடு அளவை மாற்றக்கூடும் என்ற காரணத்தை விளக்கமாக எழுதாவிட்டால் கோப்பு திரும்பி வரும்.

மூளையை எடுக்க 60 முதல் 90 விநாடி. பழகாத கைக்கு மூன்று நிமிடம் ஆகும்; ஆகவே முதலில் வேறு சோதனையில் மிச்சமான எலிகளில் பழகிக்கொள்ளுங்கள். எடுத்த மூளையை நேராகத் திரவ நைட்ரஜனில் போடாதீர்கள். வெளிப்பக்கம் முந்தி உறைந்து, உள்ளே விரியும்போது மூளை பிளந்துவிடும். உலர் பனியில் வைத்துக் குளிரவைத்த ஐசோபென்டேன், வெப்பநிலை மைனஸ் 40 °செ சுற்றுவட்டம், அதில் ஒரு நிமிடத்துக்குள் முழுதாக உறையும். ஐசோபென்டேன் சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். ஃப்யூம் ஹூடுக்குள்தான் இந்த வேலை. பிறகு அலுமினியத் தாளில் சுற்றி, ஜிப் கவரில் காற்றை அழுத்தி வெளியேற்றி, மைனஸ் 80.

தலையில் குவித்து அடிக்கும் மைக்ரோவேவ் கருவி இருந்தால் ஓரிரு விநாடியில் எல்லா என்சைம்களும் செத்துவிடும், பெப்டைடு அப்படியே நிற்கும். ஆனால் அந்த மூளை அவித்த முட்டை மாதிரி ஆகிவிடுகிறது. பெரிய பகுதிகளைக் கையால் பிரிக்கலாம், வெட்டு போட்டு ஊசியால் சிறு துண்டு (பஞ்ச்) குத்தி எடுப்பது கடினம். கருவியின் விலையும் மிக அதிகம். சமையலறை மைக்ரோவேவ் அவனை வைத்து முயலலாமா என்று யாராவது கேட்டால் ஒரே பதில்: கூடாது. விலங்குக்கு வதை, வெப்பமும் சீராகப் பரவாது.

செத்த பிறகு கழியும் ஒரு நிமிடத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் உருகலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கெடுதல் அதிகம் இதில்தான். முழு மூளையில் பெப்டைடு வெசிக்கிள் என்ற நுண்பைக்குள் பத்திரமாக இருக்கிறது. உறையும்போது பனிப் படிகம் அந்த உறையைக் கிழித்துவிடும். மறுபடி உருகினால் பெப்டைடும் அதை வெட்டும் என்சைமும் ஒரே குட்டையில். அமினோபெப்டிடேஸ் முதல் டைரோசினைக் கழற்றிவிடும், நெப்ரிலைசின் மூன்றாவது கிளைசினுக்கும் நான்காவது ஃபீனைல்அலனைனுக்கும் இடையே வெட்டும். ஐந்தே அமினோ அமிலம் உள்ள என்கெஃபலினில் இதற்கு மேல் மிஞ்ச என்ன இருக்கிறது? ஆகவே உறைந்த திசு, உறைந்த நிலையிலிருந்து நேராகக் கொதிநிலை அமிலத்துக்குள் போக வேண்டும். நடுவில் ஒரு முறைகூட ஈரமாகத் தெரியக் கூடாது.

பஞ்ச்

உறைந்த மூளையில் தடித்த வெட்டு எடுத்து, உள்ளீடற்ற ஊசியால் வேண்டிய கருவை மட்டும் குத்தி எடுக்கும் முறையை 1973இல் மிக்லோஷ் பால்கோவிட்ஸ் வெளியிட்டார். இன்றும் அதுதான் வழி. கிரையோஸ்டாட்டில் (உறைந்த திசுவை வெட்டும் குளிர்ப்பெட்டி) 300 மைக்ரான் வெட்டு. மைனஸ் 20இல் வெட்டினால் இவ்வளவு தடிமன் நொறுங்கிவிடும்; மைனஸ் 10 பக்கம் ஏற்றிவைத்து அரை மணி நேரம் மூளையை அந்த வெப்பநிலைக்குப் பழகவிட வேண்டும். வெட்டைச் சாதாரண கண்ணாடி ஸ்லைடில் ஏற்றி, ஸ்லைடை உலர் பனி மேல் வைத்த உலோகத் தட்டில் வைக்கவும். விரல் நுனியை ஸ்லைடின் அடியில் வைத்து வெட்டை ஒட்டவைக்கும் பழக்கம் திசு நிறமேற்றுபவர்களுக்கு உண்டு. அதுவும் உருகல்தான், இங்கே அது வேண்டாம்.

ஊசிக்கு வெளிநாட்டுப் பஞ்ச் செட் வாங்கலாம். 16 கேஜ் ஊசியின் சாய்ந்த முனையை வெட்டி, எண்ணெய்க்கல்லில் தட்டையாகத் தேய்த்து, வெளி விளிம்பை மட்டும் கூராக்கினாலும் அதே வேலை நடக்கிறது. செலவு சில ரூபாய். உள்விட்டம் ஏறக்குறைய 1.2 மி.மீ. 300 மைக்ரான் வெட்டில் ஒரு குத்து 0.34 கன மி.மீ., அதாவது 0.34 மி.கி. திசு. 18 கேஜ் ஊசியில் உள்விட்டம் 0.84 மி.மீ.; ஒரு குத்துக்கு 0.17 மி.கி.தான் வரும்.

ஊசி அளவைப் பகுதிக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்காததுதான் க்ளோபஸ் பாலிடஸ் எண்களில் முதலில் வந்த குளறுபடி. எலியில் அது குறுகலான பட்டை. 1.2 மி.மீ. ஊசி வெளிப்பக்கம் ஸ்ட்ரையேட்டத்தையும் உள்பக்கம் இன்டர்னல் கேப்சூலின் வெள்ளை நாரையும் சேர்த்து அள்ளிவிடுகிறது. மெட்-என்கெஃபலின் மூளையிலேயே மிகச் செறிந்திருக்கும் இடம் க்ளோபஸ் பாலிடஸ். ஸ்ட்ரையேட்டத்திலுள்ள நியூரான்கள் செய்து அனுப்பும் பெப்டைடு அங்கே நரம்பு முனைகளில் சேர்கிறது. பக்கத்துத் திசு கலந்தால் எண் குறைந்து, ஸ்ட்ரையேட்டத்தோடு வித்தியாசமே இல்லாததுபோல் தெரியும். 18 கேஜுக்கு மாற்றி, மூன்று வெட்டுகளில் இரண்டு பக்கமும் எடுத்தால் ஆறு குத்து, மொத்தம் 1 மி.கி. அது போதும்.

நியூக்ளியஸ் அக்கம்பென்ஸுக்கு அடையாளம் முன் கமிஷர் என்ற நார்க்கட்டு. மண்டையோட்டு எலும்புகள் சந்திக்கும் இடமான ப்ரெக்மாவுக்கு 1.7 மி.மீ. முன்னால் வெட்டில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். புள்ளியை மையமாக வைத்துக் குத்தினால் கோர், அதற்கு உள்பக்கம் போனால் ஷெல். இரண்டிலும் பெப்டைடு அளவு வேறு. எதை எடுத்தோம் என்பதை நோட்டில் எழுதாவிட்டால் அடுத்த தொகுதியோடு ஒப்பிட முடியாது. குத்திய பிறகு ஓட்டையோடு இருக்கும் ஸ்லைடைத் தூக்கிப் போடாமல் படம் எடுத்துவைக்கவும். சந்தேகமான எண் வரும்போது திரும்பிப் பார்க்க வேறு சாட்சி கிடையாது.

ஹைபோதலாமஸில் இன்னொரு பொறி. பிட்யூட்டரியில் பீட்டா-எண்டார்ஃபின் மூளையின் எந்தப் பகுதியையும்விடப் பல மடங்கு அதிகம். அதன் ஒரு துணுக்கு தண்டோடு சேர்ந்து மேலே வந்தாலோ, பிட்யூட்டரியை எடுத்த இடுக்கியாலேயே மூளையைத் தொட்டாலோ, ஒரே ஒரு மாதிரியின் எண் மட்டும் வானத்துக்குப் போகும். பிட்யூட்டரி வேண்டுமென்றால் கடைசியில், தனி இடுக்கியால் எடுக்கவும்.

எடை பார்க்கும் ஆசை

பஞ்ச் போட்ட ட்யூபை எடைபோட்டு, வெறும் ட்யூபின் எடையைக் கழித்து, மி.கி. கணக்கில் முடிவை எழுதுவது இயல்பான யோசனை. ஆனால் உறைந்த ட்யூபைத் தராசில் வைத்த நொடியிலிருந்து அதன் மேல் பனி படிகிறது. திசு 1 மி.கி.; பனி அதைவிட அதிகம். எண் ஏறிக்கொண்டே போவதைத் தராசிலேயே பார்க்கலாம். 30 மி.கி.க்கு மேற்பட்ட பெரிய துண்டுக்கு எடை சரி. பஞ்சுக்கு ஈர எடை பயனில்லை, புரதக் கணக்கே சரி.

புரதத்தை எதிலிருந்து எடுப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. கொதிநிலை அமிலத்தில் புரதம் திரிந்து அடியில் போய்விடும். மேலே நிற்கும் தெளிவான நீரில் புரதம் பார்த்தால் அர்த்தமற்ற சிறிய எண் வரும். அடியில் உள்ள வில்லையை எறியாமல், 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 100 மைக்ரோலிட்டரில் ராத்திரி முழுக்கக் கரையவிட்டு, மறுநாள் பி.சி.ஏ. முறையில் (புரதத்தை நிறத்தால் அளக்கும் சோதனை) அளக்க வேண்டும். ஸ்டாண்டர்டுக்கான பி.எஸ்.ஏ.வையும் அதே ஹைட்ராக்சைடில்தான் கரைக்க வேண்டும். 1 மி.கி. மூளைத் திசுவில் ஏறக்குறைய 0.1 மி.கி. புரதம் வரும், அதற்கு மிகவும் குறைந்தால் ஏதோ ஒரு பஞ்ச் ஊசியிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது என்று பொருள்.

கொதிநிலை அமிலம்

1 மோலார் அசெட்டிக் அமிலம்: க்ளேசியல் அசெட்டிக் அமிலம் 57.5 மி.லி., வடிநீர் சேர்த்து 1 லிட்டர். இதை முன்கூட்டியே 95 °செ டிரை பாத்தில் சூடாக்கிவைத்து, உறைந்த பஞ்ச் இருக்கும் ட்யூபில் 300 மைக்ரோலிட்டர் ஊற்றி, உடனே மூடி 10 நிமிடம். சாதாரண அழுத்து மூடி இந்தச் சூட்டில் பட்டென்று திறந்துகொள்ளும். திருகு மூடி, உள்ளே ரப்பர் வளையம் உள்ள ட்யூப்தான் இதற்கு.

குளிர்ந்த அமிலத்தில் அரைத்து, பிறகு சூடாக்கலாமே என்பது அடிக்கடி வரும் குறுக்குவழி. அது சேதத்தில் முடியும். அமிலம் நடுநிலை பிஹெச்சில் வேலை செய்யும் என்சைம்களை அடக்கும், உண்மைதான். ஆனால் கத்தெப்சின் டி போன்ற லைசோசோம் என்சைம்கள் அமிலத்தில்தான் விழித்துக்கொள்ளும். குளிர் அமிலத்தில் அரைபடும் நேரத்தில் பீட்டா-எண்டார்ஃபின் போன்ற நீளமான பெப்டைடு துண்டாகும். அதோடு பெப்டைடுகள் வெட்டியெடுக்கப்படும் முன்னோடிப் புரதங்களும் உடைந்து, திசுவில் இல்லாத சின்னத் துண்டுகள் உருவாகலாம். சூடு முதலில், அரைப்பது பிறகு.

10 நிமிடம் ஆனதும் பனிக்கட்டியில் வைத்துக் குளிரவைத்து, புரோப் சோனிக்கேட்டரில் 10 விநாடி வீதம் இரண்டு முறை. புரோப்பை நீருக்கு மேலே இழுத்தால் நுரைக்கும், நுரையில் பெப்டைடு ஒட்டும். பிறகு 4 °செ, 12,000 ஜி, 20 நிமிடம். மேல்நீர் அடுத்த கட்டத்துக்கு, வில்லை புரதத்துக்கு.

ஒரு தொகுதியில் தவறாமல் செய்ய வேண்டியது: எல்லாப் பகுதிகளின் மிச்சத் திசுவையும் உறைந்தபடியே கலந்து, இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் தெரிந்த அளவு பெப்டைடு, உதாரணமாக 50 ஃபெம்டோமோல் (1 ஃபெம்டோமோல் = மோலின் 10⁻¹⁵ பங்கு), அமிலம் ஊற்றும்போதே சேர்ப்பது. கடைசியில் இரண்டு பாதிக்கும் உள்ள வித்தியாசத்தில் எத்தனை சதவீதம் திரும்பி வந்தது என்பதே ரெகவரி. பிளேட்டில் ஊற்றும்போது சேர்த்துப் பார்ப்பது ரெகவரி ஆகாது. அது பிளேட்டை மட்டும்தான் சோதிக்கும்.

சி18 கார்ட்ரிட்ஜ், ஒட்டும் பெப்டைடு

100 மி.கி. சி18 கார்ட்ரிட்ஜ்: பெப்டைடைப் பிடித்துவைத்து மற்றதைக் கழுவவிடும் சிறு குழல். முதலில் மெத்தனால் 1 மி.லி., பிறகு 0.1 சதவீத டி.எஃப்.ஏ. (ட்ரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலம்) 3 மி.லி. இதற்கும் மாதிரி ஊற்றுவதற்கும் இடையில் காய விடக் கூடாது. மாதிரி விநாடிக்கு ஒரு சொட்டு. வெற்றிட மேனிஃபோல்டில் அவசரப்பட்டு இழுத்தால் பெப்டைடு பிடிபடாமல் ஓடிவிடும். 0.1 சதவீத டி.எஃப்.ஏ. 3 மி.லி. கொண்டு கழுவி, 60 சதவீத அசெட்டோநைட்ரைல் கலந்த 0.1 சதவீத டி.எஃப்.ஏ. 1.5 மி.லி. கொண்டு இறக்கவும். மூன்று பெப்டைடும் இதிலேயே வந்துவிடும்.

இறங்கும் இடம்தான் டைனார்ஃபினைத் தின்றுகொண்டிருந்த இடம். 17 அமினோ அமிலத்தில் மூன்று ஆர்ஜினின், இரண்டு லைசின், அத்தனையும் நேர்மின்னூட்டம். கண்ணாடியின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம். போரோசிலிக்கேட் கண்ணாடி ட்யூபில் சேகரித்து உலர்த்தினால், பெப்டைடின் பெரும்பகுதி சுவரோடு நின்றுவிடுகிறது. சாதாரண பாலிஸ்டைரீனும் உதவாது. மெட்-என்கெஃபலின் ரெகவரி நன்றாக வந்து டைனார்ஃபின் மட்டும் விழுவதைப் பார்த்தால் கார்ட்ரிட்ஜைச் சந்தேகிக்காமல் ட்யூபைச் சந்தேகியுங்கள். குறைவாக ஒட்டும் பாலிபுரோப்பிலீன் ட்யூப், அதற்குள் முதலிலேயே 1 சதவீத பி.எஸ்.ஏ. 20 மைக்ரோலிட்டர். ஒட்ட வேண்டிய இடங்களையெல்லாம் பி.எஸ்.ஏ. பிடித்துக்கொள்கிறது. புரோட்டியேஸ் நீக்கிய ரகமாக இருக்க வேண்டும். மலிவு ரகத்தில் வரும் என்சைம் காப்பாற்றியதையே தின்னும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு (மூலக்கூறை நிறையால் அடையாளம் காணும் கருவி) போகும் மாதிரியில் இந்த பி.எஸ்.ஏ.வைப் போடாதீர்கள்.

உலர்த்துவது வெற்றிட சென்ட்ரிஃப்யூஜில், சூடு அணைத்து. இங்கே மெட்-என்கெஃபலினுக்கு ஆபத்து. கடைசியில் உள்ள மெத்தியோனின் காற்றுப் பட்டால் சல்ஃபாக்சைடு ஆகிவிடும், பல ஆன்டிபாடிகள் சல்ஃபாக்சைடை அடையாளம் காண்பதில்லை. வார இறுதி முழுக்க இயந்திரத்தில் விட்ட தொகுதியில் எண் குறைந்திருந்தால் காரணம் இதுதான். முற்றிலும் காய்ந்ததும் உடனே எடுத்து, மூடும் முன் நைட்ரஜன் ஊதி, மைனஸ் 80இல் வைக்கவும். இதற்கு நேரெதிரான பழைய தந்திரமும் உண்டு: எல்லாவற்றையும் வேண்டுமென்றே ஹைட்ரஜன் பெராக்சைடில் ஆக்சிஜனேற்றி, சல்ஃபாக்சைடுக்கென்றே வளர்த்த ஆன்டிபாடியால் அளப்பது. அந்த ஆன்டிபாடி கையில் இருந்தால் இதுவே நிம்மதியான வழி.

மறுபடி கரைக்க அஸ்ஸே (அளவீட்டுச் சோதனை) பஃபர் 250 மைக்ரோலிட்டர். கரைத்ததும் 1 மைக்ரோலிட்டர் எடுத்து பிஹெச் தாளில் தொட்டுப் பாருங்கள். டி.எஃப்.ஏ. மிச்சம் இருந்தால் தாள் சிவக்கும். அந்த மாதிரியை அப்படியே பிளேட்டில் ஊற்றினால் ஆன்டிபாடி பிணைப்பு குலைந்து, இல்லாத பெப்டைடு இருப்பதாகக் காட்டும்; இந்த அஸ்ஸேயில் பிணைப்பு குறைந்தால் பெப்டைடு அதிகம் என்றே கணக்கு. சிறுமூளையில் ஸ்ட்ரையேட்டம் அளவுக்கு என்கெஃபலின் வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

அஸ்ஸே

அயோடின்-125 என்ற கதிரியக்கக் குறி கொண்டு ஆன்டிபாடி பிணைப்பை அளக்கும் ரேடியோ இம்யூனோ அஸ்ஸே இன்னும் நுட்பமானது, ஒரு ட்யூபில் ஓரிரு ஃபெம்டோமோல் வரை இறங்கும். ஆனால் இந்தியாவில் ஏ.இ.ஆர்.பி. (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) அனுமதி, தனி அறை, கழிவுக் கணக்கு எல்லாம் வேண்டும். அரை ஆயுள் ஏறக்குறைய 60 நாள் என்பதால், வாங்கிய டிரேசர் (கதிரியக்கக் குறியிட்ட பெப்டைடு) எலிகளுக்காகக் காத்திருக்காது. ஆகவே கதிரியக்கத்துக்குப் பதில் பெராக்சிடேஸ் என்சைம் தரும் நிறத்தை அளக்கும், பிளேட்டில் செய்யும் என்சைம் இம்யூனோ அஸ்ஸே. பழைய ரேடியோ அஸ்ஸே பஃபரையே இங்கேயும் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு, பெராக்சிடேஸ் என்சைமை முடக்கும். பிளேட் முழுக்க நிறம் வராமல் போனால் ஆன்டிபாடியைத் திட்ட வேண்டாம்.

ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த ஒப்பீட்டு) பெப்டைடு குப்பியில் 1 மி.கி. என்று போட்டிருந்தால் உள்ளே 1 மி.கி. பெப்டைடு இருப்பதில்லை. உப்பும் ஈரமும் சேர்ந்த எடை அது. சான்றிதழில் பெப்டைடு உள்ளடக்கம் 70 அல்லது 80 சதவீதம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். மெட்-என்கெஃபலினில் ஒரே ஒரு டைரோசின் இருப்பதால் 274 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பார்த்து (மோலார் குணகம் ஏறக்குறைய 1,400) நாமே சரிபார்க்கலாம்.

அலகு விஷயத்தில் பைகோகிராம் வேண்டாம், ஃபெம்டோமோல் எழுதுங்கள். 1 ஃபெம்டோமோல் மெட்-என்கெஃபலின் 0.57 பைகோகிராம், டைனார்ஃபின் ஏ 2.15, பீட்டா-எண்டார்ஃபின் ஏறக்குறைய 3.5. பைகோகிராமில் வரைபடம் போட்டால் பீட்டா-எண்டார்ஃபின் ஆறு மடங்கு பெரிதாகத் தெரியும், மூலக்கூறு எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும்.

குறுக்கு வினை (ஆன்டிபாடி வேறு பெப்டைடையும் பிடிப்பது) அட்டவணையைக் கையேட்டில் பார்த்துவிட்டு 5 சதவீதம்தானே என்று கடந்துபோகிறோம். லூ-என்கெஃபலினும் மெட்-என்கெஃபலினும் கடைசி அமினோ அமிலத்தில் மட்டும் வேறுபடுபவை. புரோஎன்கெஃபலின் முன்னோடியில் மெட்-என்கெஃபலின் நான்கு பிரதி தனியாகவும், இன்னும் இரண்டு நீட்டிய வடிவிலும் உண்டு. லூ-என்கெஃபலின் ஒன்றே ஒன்று. திசுவில் மெட் ஐந்து மடங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லூவுக்கான ஆன்டிபாடி மெட்டை 5 சதவீதம் பிடித்தால், லூ எண் உண்மையைவிட 25 சதவீதம் கூடுதலாக வரும். இதனாலேயே லூ-என்கெஃபலினைப் பிளேட்டில் அளக்கும் திட்டத்தைக் கைவிட்டோம்.

டைனார்ஃபினில் பொய் வேறு திசையில் வரும். 17 அமினோ அமிலமும் உள்ள 1–17 வடிவத்தின் வால் பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடிக்கு, முதல் எட்டு மட்டும் உள்ள 1–8 துண்டு கண்ணுக்கே தெரியாது. எலி மூளையின் பல பகுதிகளில் 1–8 தான் மிகுதி. சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் டைனார்ஃபின் குறைந்தது என்று எழுதும் முன், குறைந்ததா அல்லது 1–8 ஆக வெட்டுப்பட்டதா என்று கேட்க வேண்டும். பீட்டா-எண்டார்ஃபின் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் அதன் முன்னோடியான பீட்டா-லைப்போட்ரோபினையும் சேர்த்தே பிடிக்கும். அசெட்டைல் சேர்ந்து ஓபியாய்டு வேலையை இழந்த வடிவத்தையும் வால் பக்க ஆன்டிபாடி பிரித்தறியாது. அதனால் அறிக்கையில் ‘பீட்டா-எண்டார்ஃபின் போன்ற வினைத்திறன்’ என்றுதான் எழுத முடியும். லைப்போட்ரோபினையாவது பிரிக்க வேண்டுமானால் செஃபடெக்ஸ் ஜி-50 பத்தியில் அளவு வாரியாக ஓட்டிவிட்டுப் பிறகு அளக்க வேண்டும்.

மாதிரியை அப்படியே, பாதி, கால், அரைக்கால் என்று நீர்க்கவைத்து ஓட்டிப் பாருங்கள். கோடு ஸ்டாண்டர்டு கோட்டுக்கு இணையாக ஓட வேண்டும். நீர்க்க நீர்க்கக் கணக்கிட்ட அளவு ஏறினால் சாற்றில் வேறு ஏதோ குறுக்கிடுகிறது. ஸ்டாண்டர்டுகளையும் வெறும் பஃபரில் கரைக்காமல், பெப்டைடு நீக்கிய சிறுமூளைச் சாற்றில் கரைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

பிளேட் கணக்கு, அதாவது பணக் கணக்கு

மொத்தச் செலவில் கிட்தான் பெரும்பங்கு. 96 குழியில் ஸ்டாண்டர்டு எட்டு அளவு, இரட்டையாக 16. பிளாங்க் 2, குறிப்பில்லாப் பிணைப்பு (ஆன்டிபாடி ஊற்றாதது) 2, அதிகபட்சப் பிணைப்பு (பெப்டைடு சேர்க்காதது) 4, தரக் கட்டுப்பாடு 4. மிச்சம் 68 குழி, இரட்டையாக 34 மாதிரி. 12 எலி, ஏழு திசு என்றால் 84 மாதிரி. ஒரு பகுதியின் இரண்டு குழுக்களும் ஒரே பிளேட்டில் இருக்க வேண்டும்; பிளேட்டுக்கு இரண்டு பகுதி, மீதி பத்து இடம் ரெகவரிக்கும் நீர்ப்புச் சோதனைக்கும். அப்படிப் போட்டால் பெப்டைடுக்கு நான்கு பிளேட், மூன்றுக்கும் பன்னிரண்டு.

எல்லாப் பகுதியிலும் எல்லாவற்றையும் அளக்கத் தேவையில்லை என்று உட்கார்ந்து யோசித்ததில் இது ஐந்தாகச் சுருங்கியது. மெட்-என்கெஃபலினுக்கு ஸ்ட்ரையேட்டம், க்ளோபஸ் பாலிடஸ், அக்கம்பென்ஸ், ஹைபோதலாமஸ்: இரண்டு பிளேட். டைனார்ஃபினுக்கு ஹைபோதலாமஸ், ஹிப்போகேம்பஸ், நைக்ரா, ஸ்ட்ரையேட்டம்: இரண்டு. பீட்டா-எண்டார்ஃபினை ஆர்க்குவேட் கருவின் செல்கள்தான் முக்கியமாகச் செய்கின்றன. ஹைபோதலாமஸும் அதன் நார்கள் போய்ச் சேரும் அக்கம்பென்ஸும் ஒரே பிளேட்டில் அடங்கும். சிறுமூளையைக் கலவையாக்கி ஒவ்வொரு பிளேட்டின் மிச்ச இடத்தில் வைத்தாயிற்று.

சாற்றுப் பங்கீடும் இதற்கேற்பத்தான். 250 மைக்ரோலிட்டரில் ஒரு அஸ்ஸேக்கு 50 வீதம் இரண்டு குழி. இரண்டு பெப்டைடு அளந்தால் 200 போய்விடும், 50 கையிருப்பு. மூன்றும் அளக்க வேண்டிய ஹைபோதலாமஸில் மட்டும் 400 மைக்ரோலிட்டரில் கரைக்க வேண்டும். அங்கே பஞ்சுக்குப் பதில் முழுத் துண்டையே எடுப்பதால் பெப்டைடுக்குப் பஞ்சமில்லை.

வந்த வடிவம் சரியா

தனி எண்களைப் பார்க்கும் முன் பகுதிகளின் வரிசையைப் பார்க்க வேண்டும். மெட்-என்கெஃபலின் க்ளோபஸ் பாலிடஸில் உச்சம், அடுத்து ஸ்ட்ரையேட்டமும் அக்கம்பென்ஸும் ஹைபோதலாமஸும், சிறுமூளையில் அடிமட்டம். டைனார்ஃபின் ஹைபோதலாமஸிலும் நைக்ராவிலும் உயர்வு, ஹிப்போகேம்பஸில் பாசி நார்கள் என்ற நரம்பு இழைகளின் புண்ணியத்தில் நடுத்தரம். பீட்டா-எண்டார்ஃபின் ஹைபோதலாமஸில் மட்டும் தூக்கலாக. இந்த வரிசை வராத தொகுதியில் மருந்துக் குழுவின் வித்தியாசத்தைப் பற்றிப் பேசுவது வீண்.

அளவீடு மாற்றத்தைப் பிடிக்கிறதா என்று பார்க்க ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்து நல்ல சோதனை. நாளுக்கு கிலோவுக்கு 1 மி.கி. வீதம் இரண்டு மூன்று வாரம் கொடுத்தால் ஸ்ட்ரையேட்டத்தில் மெட்-என்கெஃபலின் ஏறும். 1970களின் பிற்பகுதியிலேயே இது பதிவாகிவிட்டது. அந்த ஏற்றம் தெரியாத அஸ்ஸேயை வைத்து அதைவிட நுட்பமான கேள்வியைக் கேட்க முடியாது.

ஏறியதன் பொருள் என்ன என்பதைத் திசு அளவு சொல்லாது. உற்பத்தி கூடியிருக்கலாம், வெளியேற்றம் குறைந்து கிடங்கு நிறைந்திருக்கலாம். அதே வெட்டின் எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு பஞ்ச் எடுத்து ஆர்.என்.ஏ.வுக்கு ஒதுக்கினால் முன்னோடி மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பதையும் பார்க்கலாம். இதை முதல் தொகுதியிலேயே செய்திருக்க வேண்டும். ஓட்டை விழுந்த ஸ்லைடில் அப்புறம் தேடிப் பயனில்லை.

1975இல் அபர்டீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் என்கெஃபலின்களைக் கண்டுபிடித்தபோது அவர்களிடம் ஆன்டிபாடி இல்லை. பன்றி மூளைச் சாற்றைச் சுண்டெலியின் விந்துநாளத்தின் மேல் விட்டு, துடிப்பு அடங்குகிறதா, ஓபியாய்டை முறிக்கும் நலோக்சோன் விட்டால் திரும்புகிறதா என்று பார்த்தார்கள். எத்தனை ஃபெம்டோமோல் என்று துல்லியமாகச் சொல்லாது, ஆனால் செயலிழந்த வடிவத்தை எண்ணி ஏமாறாத சோதனை அது.

அடுத்த தொகுதியில் மாற்றப்போவது மூன்று. பஞ்சை இரண்டு பக்கமும் கலக்காமல் வலதைப் பெப்டைடுக்கும் இடதை ஆர்.என்.ஏ.வுக்கும் ஒதுக்குவது, இரண்டு பக்கமும் சமம்தான் என்பதை முதலில் மருந்தில்லாத எலிகளில் உறுதிசெய்த பிறகு. என்கெஃபலின்களைப் பிளேட்டிலிருந்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு மாற்றுவது. அங்கே மெட் 574, லூ 556, மெட் சல்ஃபாக்சைடு 590 என்று தனித்தனி நிறையில் நிற்பதால், ஆக்சிஜனேறியதையும் கூட்டிச் சேர்த்துவிடலாம், குறுக்கு வினைத் தொல்லையும் இல்லை. கன ஐசோடோப்பு சேர்த்த பெப்டைடை அமிலம் ஊற்றும்போதே போட்டால் ஒவ்வொரு மாதிரிக்கும் அதன் சொந்த ரெகவரி கிடைக்கும். மூன்றாவது, ட்யூப் வாங்கும் பொறுப்பை ஒருவரிடமே விடுவது. கையிருப்பு தீர்ந்து பக்கத்து ஆய்வகத்திலிருந்து கடன் வாங்கிய ட்யூபுகளில் அரைத் தொகுதி ஓடினால், அந்த அரைத் தொகுதியின் டைனார்ஃபினைக் கணக்கில் சேர்க்கவே முடியாது.